ஐநூறு யூனிட்டுக்குள்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
இந்த ஊரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பவள் நான்.
செக்‌ஷன் ஆபீசில் சொன்னால் சிரிப்பார்கள்.
ரீடிங் எடுக்கிறவளுக்கு வாய் நீளம் என்பார்கள்.

முன்பு ஒன்பது மணிக்குக் கிளம்புவேன்.
இப்போது ஆறரை.
மதியத்துக்குள் முடிக்காவிட்டால்
தெரு என்னை முடித்துவிடும்.

குகையில் மூன்றாவது சந்து.
மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம்
சாக்பீஸில் நாள்வாரியாக எண்கள்.
எழுதுகிறவள் மிஸ்பா, ஒன்பதாம் வகுப்பு.
"செவ்வாய்க்கிழமை மட்டும் பதினொண்ணு. ஏன்னு கேளுங்கக்கா.
ஏசியைப் போட்டுட்டு, காத்து வரலைன்னு
கதவையும் திறந்து வெச்சுட்டார் அத்தா."
உள்ளேயிருந்து ஓர் இருமல்,
பிடிபட்டவனின் இருமல்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மதில்.
'மரம் நடுவோம்' என்று பளிங்கில் பொறித்திருக்கிறது.
பக்கத்தில் வேம்பின் அடிமரம், இடுப்புயரம்.
அதையே பீடமாக்கி
ஏசியின் வெளிப்பெட்டியை உட்காரவைத்திருக்கிறார்கள்.
குனிந்து எண்ணைக் குறிக்கும்வரை
என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
மின்விசிறி போட முடியாது.
பற்றவைக்கிற சுடர் அணையும், பொடி பறக்கும்.
குப்புராஜ் கூரைக்கு வெள்ளை அடித்திருக்கிறார்,
இரண்டு கோட்டிங்.
சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி,
அதற்கும் பொட்டு.
"மூணு டிகிரி கம்மிங்க."
பூமிக்காகவா என்றேன்.
"போன சித்திரையில இங்கயே மயங்கி விழுந்துச்சே பாவாயி,
அதுக்காகங்க."
பாவாயி தலை நிமிரவில்லை.
வளையத்தில் வளையம் கோத்துக்கொண்டிருந்தாள்.

தட்டுவடை செட் போடுகிற நாகு
பீட்ரூட் துருவிக்கொண்டே எல் நினோ என்கிறார்,
நாக்கு இடறாமல்.
பார்சலா? மஞ்சப்பை இருக்கா?
இல்லாவிட்டால் நின்று தின்னு.
நின்று தின்றேன்.

அம்மாப்பேட்டையில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்:
ஐநூறைத் தாண்டிடுச்சா?
தாண்டினால் கட்டணம் ஒரு படி ஏறும்.
போன தடவை தாண்டிய வீட்டில்
இந்தத் தடவை
கிரைண்டர் ஒருநாள் விட்டு ஒருநாள்,
குண்டு பல்பு போய் எல்ஈடி,
டிவியின் சிவப்புப் பொட்டுக்கூட அணைந்திருக்கிறது.
உலகம் எப்படிக் காப்பாற்றப்படும் என்று எனக்குத் தெரியாது.
நானூற்றுத் தொண்ணூற்றெட்டில்
ஒரு வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டியில் சோலார் போட்ட வங்கி மேனேஜர்
என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்,
பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்போல.
மேகம் மூடினால் அவருக்குக் கவலை.
மேகம் மூடாவிட்டால்
அவர் மனைவிக்கு, கிணற்றை எட்டிப் பார்த்து.
ஒரே மாடியில் இரண்டு வானிலை.

மே மாதம், லீவு போட்டவருக்குப் பதிலாக
ஏற்காட்டுக்கு இரண்டு நாள் அனுப்பினார்கள்.
நாகலூர் போகிற வழியில் ஒரு பழைய வீடு.
கட்டும்போது விசிறிக்குக் கொக்கி வைக்காத வீடு.
தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றவில்லை.
இப்போது கூரையில் புதிதாகத் துளைத்து
ஒரு கொக்கி.
தரையில் இன்னும் கூட்டாத சுண்ணாம்புத் தூள்.
"கொக்கி மட்டும்தான். விசிறி வாங்கலை.
தேவைப்படாதுன்னு பார்க்கிறேன்"
என்றார் ஸ்டெல்லா,
அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து,
கையில் பழைய காலண்டர் அட்டையை
விசிறியபடி.
அறுபத்தொன்று என்று எழுதினேன்.

இறங்குகிற பஸ்ஸில்
பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே
சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார் கண்டக்டர்.
யாரும் கேட்கவில்லை.
அவராகத்தான் சொன்னார்:
"முன்னயெல்லாம் அஞ்சாவது வரைக்கும் தாங்கும்."

டிக்கெட் புத்தகத்தின் பின்னட்டையில்
பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள்.
எதன் கணக்கு என்று எனக்குப் புரிந்தது.
நானும் எண்கள் எடுக்கிறவள்தான்.
மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு
ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.